வட்டும் வெறுங்கூடும்



ஒரே கணினிக்குள் பல கணினிகளை இயக்குவதற்கு மெய்நிகராக்கம் என்று பெயர். எங்கள் பள்ளியில் அதற்குப் புரோக்ஸ்மோக்ஸ் என்னும் மென்பொருள் உண்டு. காப்பு நகல்களுக்காக ஒரு யூஎஸ்பி வட்டைப் பொருத்தினேன். இரவுதோறும் 'நகல் முடிந்தது' என்றே செய்தி வந்தது. ஒருநாள் கணினி செயலற்றது. திறந்து பார்த்தால், நகல்கள் யாவும் அதன் சொந்த வட்டிலேயே நிரம்பிக் கிடந்தன!

காரணம் என்ன? லினக்ஸில் வெளிவட்டு ஒரு கோப்புறையின் மேல் ஏற்றப்படுகிறது. கணினியை மீண்டும் தொடக்கியபோது வடம் தளர்ந்திருந்தது. வட்டு ஏறவில்லை, வெறுங்கோப்புறை மட்டும் இருந்தது. மங்கு விழுந்துவிட்டாலும் ரப்பர் மரத்தில் பால் வடிவது நிற்பதில்லை அல்லவா?

ஆகவே மூன்று செய்திகளை நினைவிற்கொள்ளுங்கள். எஸ்டிபி போன்ற பெயர்கள் மாறக்கூடியவை. எஃப்எஸ்டேப் கோப்பில் வட்டின் யூயூஐடி எண்ணையே எழுதுங்கள். 'நோஃபெயில்' என்று சேர்த்தால், வட்டு இல்லாதபோதும் கணினி எழும். ஆனால் அதனுடன் புரோக்ஸ்மோக்ஸ் சேமிப்பகத்தில் 'இஸ் மவுண்ட்பாயிண்ட்' என்பதையும் அமையுங்கள். அப்போது வட்டு ஏறாவிட்டால் நகல் எழுதப்படாது. பிழைச் செய்தி வரும்.

பொய்யான வெற்றியைவிட மெய்யான பிழை நன்று. அவ்வப்போது ஒரு நகலை மீட்டுப் பார்த்துவிடுங்கள்.