முதல் கோடு போடும் நாள்



அலுவலகம் கட்ட வருபவர் என்னிடம் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு என்ன சார் ஆகும்?" கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் கட்டடம் நிற்கும்வரை அவர் கட்டப்போவது அதைத்தான்.

ஐதராபாத் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் அலுவலகக் கட்டடம் ஒன்று 2011-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டு சமபாதிகள். ஒரு பாதியில் வழக்கமான ஏ.சி. மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். ஈரம் கோத்துச் சொட்டாமலிருக்க, வெளிக்காற்றை உலர்த்தி உள்ளே அனுப்பினார்கள். அளந்து பார்த்தால், குழாய் பதித்த பாதியில் குளிரூட்டும் மின்செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு! வெப்பத்தைச் சுமப்பதில் காற்றைவிடத் தண்ணீர் கெட்டி. பெரிய ஃபேன் செய்யும் வேலையைச் சின்ன பம்ப் செய்துவிடுகிறது.

ஆனா ஒண்ணு. தளம் போட்ட பிறகு உள்ளே குழாய் பதிக்க முடியுமா? மேற்கு வெயிலுக்கு நேரே கண்ணாடிச் சுவர் எழுப்பிவிட்டுக் கட்டடத்தைத் திருப்பி வைக்க முடியுமா? ஆகவே தம்பிகளே, சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று இங்கே தனித்தனி வகுப்பில் இருந்தாலும், வேலைக்குப் போனதும் ஆர்க்கிடெக்ட் முதல் கோடு போடும் அன்றைக்கே நால்வரும் ஒரே மேஜையில் உட்காருங்கள். மிச்சம் பிடிப்பது அங்கேதான்.