பார்த்து நின்றவர் பங்கு

(காரைக்கால் விழா மேடையில் நிகழ்த்திய உரை)



பள்ளியில் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைச் சீண்டும்போது அங்கிருப்போர் இருவர் மட்டுமல்லர். சுற்றி நின்று சிரிப்போரும் உளர். அச்சிரிப்பு இல்லையேல் பல சீண்டல்கள் மறுநாள் தொடரமாட்டா. செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினையெனக் கணக்கிட்ட நம் ஆசாரியர்கள், சிரித்து நின்றவரையும் விட்டுவிடவில்லை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நிகழ்ந்ததை நாடறியும். உடன் பயின்றோர் தந்த தொல்லையால் பட்டியலின மாணவர் ஒருவர் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தினார். காரணம் வினவிய ஆசிரியரிடம் உண்மையைக் கூறினார். அதையடுத்து 9ஆம் தேதி இரவு வீடு புகுந்து அவரையும், தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினர். வெட்டியோரும் பள்ளிச் சிறுவர்களே. பின்னர் தமிழக அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, மாணவர் சாதி காட்டும் வண்ணக் கயிறு அணிதலைத் தடை செய்யுமாறு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. வேண்டிய பரிந்துரைதான், ஆயினும் அக்கயிற்றைக் கட்டி அனுப்புவது வீடன்றோ? புகார் கூறிய பின்வரும் நாள்களில்தான் பிள்ளைக்குக் காவல் மிகுதியாக வேண்டும் என்பதையும் அந்நிகழ்வு காட்டிற்று.

இனி, நம் ஊருக்கு வருவோம். காரைக்கால் வகுப்பறையில் நம் பிள்ளை பெரும்பாலும் தனியொருவர். உருளைக்கிழங்கும் வெங்காயமும் இல்லாத சோற்றுப் பெட்டி கேலிக்கு உள்ளாவதுண்டு. அதனை நாம் மனம் நொந்து பேசுகிறோம். ஆனால் கிளிஞ்சல்மேட்டிலிருந்தோ பட்டினச்சேரியிலிருந்தோ வரும் மீனவப் பிள்ளை பெட்டியைத் திறக்கையில் மூக்கைப் பொத்தும் கை நம் பிள்ளையுடையதாகவும் இருக்கக்கூடும். ஊனுண்ணாமை நமக்கு விரதம்; பிறரை நாணச் செய்யும் உரிமையன்று.

ஆதலின் மாலையில், "உன்னை யார் அடித்தார்?" என்று மட்டும் கேளாது, "இன்று தனியே உண்டது யார்?" என்றும் கேளுங்கள். உண்ணாத பெட்டி, கிழிந்த நோட்டு, பள்ளி நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி ஆகியவற்றைக் கவனியுங்கள். எதிர்வீட்டாரிடம் சண்டைக்குச் செல்லாமல், நாளும் நிகழ்வும் குறித்துத் தலைமையாசிரியரிடம் எழுத்தாகக் கொடுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கும் மனப்பாடம் செய்வியுங்கள். கட்டணமில்லை, பிள்ளை தானே அழைக்கலாம்.