தேவ சித்தமும் நம் பொறுமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"கிறித்தவ இளைஞனும் வாழ்வின் நோக்கமும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். இப்பொருள் ஆயர்களுக்கு உரியது, பள்ளி ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் இக்கேள்வி முதலில் வந்து நிற்கும் இடம் ஆலய வாசல் அன்று. பள்ளி வாசலே ஆகும். "ஐயா, இனி நான் என்ன செய்வது?" என்று கேட்கும் கிறித்தவ மாணவன், "தேவன் எனக்கென்று வைத்திருப்பது யாது?" என்பதையே வேறு சொற்களால் கேட்கிறான். அவனுக்கு விடையளிக்கும் கடமை ஆசிரியனுக்கும் உண்டு. ஆகவே எனக்குத் தெரிந்த வரையில் பேசுகிறேன்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தேவ சித்தம் வேறு; விதி வேறு. நம் முன்னோர்க்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது என்ன? "சேரியில் பிறந்தது உன் விதி, பிணம் சுடுவதும், செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், பிறர் வயலில் கூலிக்கு நாற்று நடுவதும் உன் கடமை, இவற்றைப் பொறுமையாகச் செய்தால் அடுத்த பிறவியில் நற்கதி உண்டு" என்பதே. அந்நுகத்தை உதறிவிட்டுத்தான் நம் பாட்டன்மார் திருச்சபைக்குள் வந்தனர். ஆனால் வந்த பின்னர் நம்மில் பலர் செய்தது யாதெனில், பழைய விதியின் மேல் "தேவ சித்தம்" என்னும் புதிய பெயர்ச் சீட்டை ஒட்டியதுதான். சாலை இல்லாத காரணத்தால் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தாலும் தேவ சித்தம். பையன் படிப்பை நிறுத்திச் செங்கற்சூளைக்குப் போனாலும் தேவ சித்தம். இவ்வாறு பேசுவது பக்தியன்று. மனிதர் செய்த அநீதியையும், நாம் காட்டிய சோம்பலையும் தேவனுடைய கணக்கில் எழுதுவதாகும்.

திருச்சபையே இதில் குற்றமற்றதாக இருந்ததில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாதென்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833 ஆம் ஆண்டிலேயே சுற்றுக்கடிதம் விடுத்தார். அதன் பின்னரும் தனி இருக்கை, தனிக் கல்லறைத் தோட்டம் என்று வேற்றுமை தொடர்ந்தது. சில ஊர்களில் இன்றும் தொடர்கிறது. இதையும் தேவ சித்தம் என்று கூறிப் பொறுத்திருக்க வேண்டுமா? கூடாது. மனிதன் தேவனுடைய சாயலில் படைக்கப்பட்டான் என்பது வேதத்தின் முதல் அதிகாரத்திலேயே உள்ளது. அந்தச் சாயலை இழிவுபடுத்தும் எதுவும் அவருடைய சித்தமாக இருத்தல் இயலாது. நான் இன்று பேச வந்த பொறுமை, அவமானத்தைச் சகிக்கும் பொறுமையன்று. ஒரு நல்ல காரியத்தை எடுத்துக்கொண்டு, அது முடியும் வரை கைவிடாதிருக்கும் பொறுமையே.

புத்தாண்டு ஆராதனையில் நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29 ஆம் அதிகாரத்தின் 11 ஆம் வசனம் அடிக்கடி வரும். தேவன் நம்மைக் குறித்து நினைத்திருப்பது தீமைக்கன்று, சமாதானத்திற்கே என்னும் கருத்துடையது அவ்வசனம். பல வீடுகளில் அது சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்பட்டுள்ளது. அதற்கு முந்திய வசனத்தை யாரும் மாட்டுவதில்லை! அதிலே 70 ஆண்டுகள் என்று எழுதியிருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களுள் எத்தனை பேர் 70 ஆண்டுகள் உயிரோடிருந்து திரும்பிச் சென்றிருக்க முடியும்? அவர்களுக்குச் சொல்லப்பட்டதோ, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பது. வாக்குத்தத்தம் நிறைவேறும் வரை கைகட்டி உட்கார்ந்திருங்கள் என்று சொல்லப்படவில்லை.

அதற்கு முந்திய அதிகாரத்தையும் படித்துப் பாருங்கள். அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்திலே ஜனங்களுக்கு முன்பாக உரத்துச் சொல்கிறான். இரண்டு ஆண்டு என்பவனை விட்டு எழுபது ஆண்டு என்பவனை யார் விரும்புவர்? ஆனால் அனனியா சொன்னது பொய்யாயிற்று. இன்றும் அனனியாக்களுக்குக் குறைவில்லை. பணம் கட்டினால் மூன்று மாதத்தில் அரசு வேலை என்பவனும் அனனியாதான். பாடப்புத்தகத்தைத் திறவாத மாணவனிடம் மூன்று நாள் உபவாசமிருந்தால் தேர்ச்சி நிச்சயம் என்பவனும் அனனியாதான். உபவாசத்தை நான் பழிக்கவில்லை. நானும் தேர்வுக் காலத்தில் என் மாணவருக்காக ஜெபிப்பவனே. ஆயினும் கணக்குப் பாடத்தில் சூத்திரம் எழுத வேண்டிய இடத்தில் வசனம் எழுதி வைத்தால், திருத்துகிற ஆசிரியர் எவ்வளவு பக்தராயினும் மதிப்பெண் தர வழியில்லை.

இனி ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம்மைப் போன்றே பிறப்பின் காரணமாக ஒதுக்கப்பட்ட ஒரு மனிதரின் வரலாறு அது. அமெரிக்க நாட்டில் மிசௌரி மாநிலத்தில், ஏறத்தாழ 1864 ஆம் ஆண்டில், ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளையர் அவரையும் தாயையும் கடத்திச் சென்றனர். குழந்தை மீட்கப்பட்டது; தாய் மீட்கப்படவேயில்லை. அடிமை முறை ஒழிந்த பின்னரும் அருகிலிருந்த பள்ளி கறுப்பினச் சிறுவனைச் சேர்த்துக்கொள்ளாததால், பல மைல் தொலைவிலிருந்த நியோஷோ என்னும் ஊருக்குச் சென்று படித்தார். பின்னர் கான்சாஸ் மாநிலத்தில் ஹைலண்ட் என்னுமிடத்திலிருந்த கல்லூரி ஒன்று அவருக்கு இடமளித்துக் கடிதம் எழுதியது. அவர் நேரில் சென்று நின்றார். நிறத்தைப் பார்த்ததும் இடமில்லை என்று திருப்பி அனுப்பினர். அப்போது அவருக்கு இருபது வயதைக் கடந்திருக்கும்.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். இதே நிலைமை உங்களுள் ஒருவருக்கு நேர்ந்தால் என்ன சொல்லுவீர்கள்? "நான் படிப்பது தேவ சித்தமில்லை போலும்" என்றுதான் பெரும்பாலோர் சொல்லுவர். கார்வர் அவ்வாறு முடிவு கட்டவில்லை. சில ஆண்டுகள் வறண்ட நிலத்தில் பயிரிட்டார். பிறர் துணிகளை வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தார். 1890 இல் அயோவா மாநிலத்தில் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் கற்கச் சேர்ந்தார். அவருடைய விருப்பம் ஓவியராவதே. செடிகளையும் மலர்களையும் அவர் வரைந்த நுட்பத்தைக் கண்ட ஓவிய ஆசிரியை, வேளாண் கல்லூரியில் சேர்ந்து தாவரவியல் பயிலுமாறு அறிவுறுத்தினார். அதன்படியே அயோவா வேளாண் கல்லூரியில் சேர்ந்து 1894 இல் இளநிலைப் பட்டமும் 1896 இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டில் புக்கர் டி. வாஷிங்டன் அவரை அலபாமா மாநிலத்தின் டஸ்கெகீ கல்விக்கூடத்திற்கு அழைத்தார். 1943 இல் இறக்கும் வரை அங்கேயே பணியாற்றினார்.

அங்கே அவர் கண்டது என்ன? பருத்தியையே ஆண்டுதோறும் பயிரிட்டுச் சாரமிழந்து போன மண். கடனில் மூழ்கிய கறுப்பின ஏழை உழவர். நிலக்கடலை, தட்டைப்பயறு முதலிய பயறு வகைப் பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உதவும் வடிவில் மாற்றி மண்ணை வளப்படுத்தும் என்பதை உழவருக்கு எடுத்துரைத்தார். விளைந்த கடலையையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் எவ்வெவ்வாறு பயன்படுத்தலாம் என்று எளிய நடையில் சிறு வெளியீடுகள் எழுதினார். கல்விக்கூடத்திற்கு வர இயலாதவர்களைத் தேடி, 1906 முதல் கருவிகளோடு கூடிய வண்டியொன்று ஊர் ஊராகச் சென்றது. (கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் இவரே என்று சில நூல்களில் எழுதுகிறார்கள், அது சரியன்று. அவர் பெருமைக்கு அந்தப் பொய் தேவையுமில்லை.) ஆய்வுக்கூடப் பணியோடு, ஞாயிறு தோறும் மாணவர்க்கு வேதபாட வகுப்பும் நடத்தி வந்தார்.

அவர் தம் வாழ்வின் நோக்கத்தைக் கண்டடைந்த முறையைக் கவனியுங்கள். வானத்திலிருந்து குரல் ஒன்றும் வந்ததாக நாம் கொள்ள வேண்டியதில்லை. இளமையிலிருந்தே செடிகளின் மேல் தீராத ஆர்வம் இருந்தது. அதை ஓர் ஆசிரியை கண்டு சொன்னார். சொன்னதை அவர் கேட்டார். தம் இனத்தாரின் தேவை இன்னொரு பக்கத்தில் காத்திருந்தது. இவை ஒன்றுசேர்ந்த இடத்தில் அவருடைய பணி அமைந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுக்கு மேல். நம் பிள்ளைகளோ பதினேழு வயதில் ஒரு மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வாழ்வே முடிந்தது என்று அழுகின்றனர்! யோசேப்பு விற்கப்பட்டபோது வயது 17; பார்வோன் முன் நின்றபோது வயது 30. இடையில் அவன் உதவி செய்த பானபாத்திரக்காரன் அவனை மறந்தே போனான்.

கார்வரின் ஓவியப் பயிற்சி வீணாயிற்றா? இல்லை. அதுவே அவரைத் தாவரவியலுக்குள் அழைத்துச் சென்றது. நம் நாட்டுக்கும் தொடர்புடைய இன்னொருவரைச் சொல்கிறேன். கொல்லிமலையில் 1914 இல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், முதலில் கற்றது மருத்துவம் அன்று; தச்சும் கொத்தும். கட்டடத் தொழிலில் பல ஆண்டுகள் பயின்ற பிறகே மருத்துவம் படித்து, 1946 இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். குணமடைந்தோர் கைத்தொழில் கற்க ஏற்பாடு செய்தார். உணர்ச்சியற்ற பாதங்களுக்குப் புண் வராத மென்மையான செருப்பை உருவாக்கும் பணியிலும் ஈடுபட்டார். தோலையும் செருப்பையும் தொட்ட காரணத்திற்காக நம்மவரை ஒதுக்கிய நாட்டில், ஓர் அறுவை மருத்துவர் செருப்பைப் பற்றி ஆராய்ந்தார் என்பதை நான் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்வதுண்டு. ஆகவே, நீங்கள் இன்று கற்கும் எத்தொழிலையும் இழிவாகக் கருத வேண்டாம். ஐ.டி.ஐ.யில் சேர்ந்த மாணவன் தேவ சித்தத்தில் தோற்றவன் அல்லன்.

இப்போது சற்றுக் கடினமான விஷயத்திற்கு வருகிறேன். இதைப் பேசாமல் கிறித்தவ இளைஞனின் நோக்கம் பற்றி நம் நடுவில் பேசுவது நேர்மையாகாது. 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினராகக் கருதப்படும் உரிமையை இந்துக்களுக்கு மட்டுமே அளித்தது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான நம்மவரோ அப்போது சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். தெருவில் சாதி பார்ப்பவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டுப் பார்ப்பதில்லை. சலுகை தருமிடத்தில் மட்டும் சமயம் கேட்கப்படுகிறது. இவ்வநீதியைக் களைய வேண்டுமென்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு இதனை ஆராய 2022 இல் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது.

இந்நிலையில், "ஐயா, சான்றிதழில் ஒன்றும் ஆலயத்தில் ஒன்றுமாக இருக்கலாமா?" என்று கேட்கும் மாணவர் உண்டு. பசித்தவனுக்கு உண்டவன் உபதேசம் செய்வது எளிது. ஆகையால் வறுமையால் அவ்வழியில் சென்ற குடும்பங்களை நான் நிந்திக்க மாட்டேன். முதற்குற்றம் சட்டத்தின் மேல்தான். எனினும், பொய்யாக ஒன்றை எழுதிக் கொடுக்குமாறு என்னிடம் வருவோர்க்கு நான் சொல்லும் விடை, முடியாது என்பதே. இளமையில் தன் பெயரையும் விசுவாசத்தையும் மறைக்கக் கற்றவன், பிற்காலத்தில் தன் மக்களுக்காக வெளியே வந்து பேச அஞ்சுவான். அந்த அச்சத்திற்கு நாம் கொடுக்கும் விலை ஓர் இடத்தை இழப்பதைவிடப் பெரிது என்பது என் கருத்து. நமக்கு உரிமையுள்ள உதவித்தொகைகளையே பலர் கேட்டுப் பெறுவதில்லை. அவற்றை முதலில் பெறுவோம். சட்டம் மாற வேண்டுமானால் சட்டம் படித்தவர்கள் வேண்டும். உங்களுள் இருவர் மூவராவது வழக்கறிஞராவதையே தேவன் வைத்த நோக்கமாகக் கொள்வீர்களாயின் நான் மிகவும் மகிழ்வேன். எல்லாருமே மருத்துவராக வேண்டுமென்று ஜெபிப்பதும் ஒருவகை நோய்தான்.

கதவுகள் மூடப்படுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போஸ்தலர் நடபடிகள் 16 ஆம் அதிகாரத்தில் பவுல் ஆசியாவில் பிரசங்கிக்க விரும்பினார், தடுக்கப்பட்டார். பித்தினியாவுக்குப் போக முயன்றார், அதுவும் இயலவில்லை. துரோவாவுக்கு வந்த பின்னரே மக்கெதோனியாவின் அழைப்பு கிடைத்தது. நடந்துகொண்டிருந்தவருக்கே வழி காட்டப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

பெண்மக்களின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மகனுடைய நோக்கம் என்னவென்று கேட்கிறோம். மகளுக்கு மாப்பிள்ளை யாரென்று கேட்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் நன்மதிப்பெண் வாங்கிய பெண்ணுக்கு, முடிவு வெளியாகுமுன்பே நிச்சயம் செய்துவிடுகிறோம். நல்ல வரன் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் எனக்கும் விளங்குகிறது. ஆயினும் அவளுக்குத் தேவன் தந்த அறிவும் ஒரு தாலந்துதான். அதைப் புதைத்து வைத்ததற்குக் கணக்குக் கேட்கப்படுவது அவளிடம் அன்று, நம்மிடம்.

இறுதியாக, விழாக் குழுவினர் அறிவிக்கச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்த பின் நம் மூத்த ஆசிரியர் சிலர் சங்க அறையில் அமர்ந்திருப்பர். மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். எப்படிப்பு, எவ்விடம், என்ன உதவித்தொகை என்று உட்கார்ந்து பேசலாம். தோற்றவர்கள் முதலில் வாருங்கள். துணைத்தேர்வுக்குக் கட்டணம் செலுத்தும் கடைசி நாள் போய்விட்டால், அதன் பிறகு எத்தனை பேர் கூடி ஜெபித்தாலும் அந்த ஆண்டு திரும்பி வராது.