பட்டியலில் நம் பொருளும் இடம்பெற வேண்டும்

வெள்ளிவிழாக் காணும் இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவைத் தந்தது. அவ்வெழுத்தைக் கொண்டே நம் தொழிலை உயர்த்தும் வழியொன்றை இன்று எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று 1917ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் நிறுவனம் ஒன்றைப் பம்பாயில் நடத்தினார். அவர் தாழ்த்தப்பட்டவர் என்று அறிந்ததும் வாடிக்கையாளர் விலகினர், நிறுவனம் நின்றுபோயிற்று. அவரது அறிவை எடைபோட வேண்டியவர்கள் பிறப்பை எடைபோட்டார்கள்.

இன்று எர்ணாவூரில் நம் நிலை என்ன? நம் இளைஞர்கள் லேத்துப் பட்டறை வேலையும் வெல்டிங்கும் நன்கறிவர். நம் பெண்கள் சீருடையும் கையுறையும் தைப்பர். ஆயினும் அப்பொருள் இடைத்தரகரின் பெயரிலேயே ஆலைக்குள் செல்கிறது. செய்தவர் யார் என்பதை வாங்குவோர் அறியார்.

இக்குறையைப் போக்க இணையவழிப் பொருட்பட்டியல் துணைசெய்யும். பொருளின் படம், அளவு, மூலப்பொருள், விலை, அனுப்ப ஆகும் நாள் ஆகிய யாவும் அதில் இருக்கும். அச்சிட்ட விலைப்பட்டியலில் ஒரு விலை மாறினாலும் மறுபடி அச்சிட வேண்டும்; இதனையோ அன்றே திருத்திவிடலாம். கடைத்தெருவில் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டியதில்லை. தொலைவூர் அலுவலகமும் நம் பொருளைப் பிறர் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மத்திய அரசு 2016 ஆகஸ்டில் ‘ஜெம்’ எனப்படும் அரசு மின்சந்தையைத் தொடங்கிற்று. அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் அதன்வழிப் பொருள் வாங்குகின்றன. நமக்கு அருகே மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் பொதுத்துறை நிறுவனங்களே அன்றோ? 2012ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணைப்படி, மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நடத்தும் குறு, சிறு தொழில்களிடம் பெற வேண்டும். ஒப்பந்தப்புள்ளிக்குரிய வைப்புத்தொகையிலிருந்தும் குறு, சிறு தொழில்களுக்கு விலக்கு உண்டு.

ஆனால் அதே ஆணையில் மற்றொரு விதியும் உண்டு. நம்மவர் ஒப்பந்தப்புள்ளியில் கலந்துகொள்ளாவிடில், அப்பங்கைப் பிற குறு, சிறு தொழில்களிடம் பெற்றுக்கொள்ளலாம். நாம் வாளாவிருந்தால் நம் பங்கு பிறர் கைக்குப் போய்விடும் என்பதை மறக்கலாகாது.

பட்டியலிட்டதுமே வாணிகம் பெருகிவிடாது. படத்தில் ஒன்றும் பொட்டலத்தில் வேறொன்றுமாக இருப்பின், ஒருமுறை கெட்ட பெயரை மீட்பது அரிது. ஆதலின் அளவும் தரமும் நாளும் தவறாதிருத்தல் வேண்டும்.

இளைஞர்களே! உத்யம் பதிவு கட்டணமின்றிக் கிடைக்கிறது. கணினி அறிந்தவர்கள் நம் தையற்காரரோடும் பட்டறைக்காரரோடும் மாலையில் ஒரு மணி நேரம் அமருங்கள். பதிவையும் பட்டியலையும் முடித்துக் கொடுங்கள். இச்சங்கத்தின் மாலை வகுப்பில் அதற்கென ஒரு மேசை போடுவோம். நம் கைவினை நம் பெயரிலேயே ஆலை வாயிலுக்குச் செல்லட்டும்!