நமக்கு நாமே கிராணி



தோட்டத்து வாழ்க்கையில் நம் வருமானக் கணக்கை நாம் எழுதியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போனோம். கிராணி செக்ரோலில் பெயரைக் குறித்துக்கொண்டார். மாதக் கடைசியில் இத்தனை நாள் வேலை, இத்தனை வெள்ளி சம்பளம், ஊழியர் சேமநிதிக்கு இவ்வளவு, சொக்சோவுக்கு இவ்வளவு என்று சீட்டு வந்தது. பாட்டனார் கைநாட்டு வைத்தார், தந்தையார் கையெழுத்திட்டார். கணக்கு மட்டும் என்றைக்கும் ஆபீசில்தான் இருந்தது.

இன்று நம் பிள்ளைகள் சிலர் வேறு வழியிலும் பொருள் ஈட்டுகின்றனர். சமையல், பாட்டு, நகைச்சுவை, மீன்பிடிப்பு என்று கைத்தொலைபேசியில் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுகின்றனர். 2020ஆம் ஆண்டில் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பமான சுகு, பவித்ரா இணையரின் எளிய சமையல் காணொளிகள் நாடு முழுவதும் பேசப்பட்டதை நாம் அறிவோம். அவர்களுக்குப் பின் பலருக்கும் அந்த ஆசை வந்துள்ளது. நல்ல ஆசைதான். ஆனால் இந்த வருமானத்துக்குக் கிராணி யார்?

சில காலத்துக்கு முன் ஒரு தாயார் கடிதம் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். "சார், வரி ஆபீசிலிருந்து வந்திருக்கிறது. மகனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?" என்று கேட்டார். வாங்கிப் படித்தோம். அது தண்டனைக் கடிதம் அன்று. சி.பி.500 என்னும் தவணை அறிவிப்பு. மகன் காணொளி வருமானத்துக்கு முந்திய ஆண்டு படிவம் அனுப்பியிருந்தான். அதை வைத்து, இந்த ஆண்டு வரியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாக ஆறு தவணைகளில் கட்டும்படி எழுதியிருந்தார்கள். கடிதத்தில் குற்றமில்லை. வந்த பணம் முழுவதும் மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டது என்பதுதான் குறை.

தோட்டச் சம்பளத்தில் பிடிக்க வேண்டியதைப் பிடித்த பிறகே பணம் நம் கைக்கு வருகிறது. காணொளிப் பணம் அப்படியே வங்கியில் விழுகிறது. அதில் எது நமது, எது அரசாங்கத்துடையது என்று பிரித்து வைக்க யாரும் இல்லை. ஆகவே, நமக்கு நாமே கிராணியாக வேண்டும்.

"வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும் பணத்துக்கு இங்கே வரி கிடையாது" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. படம் பிடிப்பது இங்கே, உழைப்பு இங்கே. ஆகையால் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி அது இந்நாட்டில் ஈட்டிய வணிக வருமானமே. விளம்பரத்துக்காக ஒரு கடைக்காரர் பணத்துக்குப் பதில் மிக்சி கொடுத்தாலும் அதன் சந்தை விலை வருமானத்தில் சேரும்.

சம்பளம் மட்டும் வாங்குவோருக்கு உரியது பி.இ. படிவம். வணிக வருமானம் உள்ளவருக்கு உரியது பி படிவம். தோட்டச் சம்பளமும் காணொளி வருமானமும் சேர்ந்து உள்ளவர், இரண்டையும் பி படிவத்திலேயே காட்ட வேண்டும். சனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கை மறு ஆண்டு ஜூன் 30க்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். கணினி வழி அனுப்புவோருக்கு வாரியம் ஜூலை 15 வரை தவணை அளித்து வருகிறது. படிவம் வந்தும் அனுப்பாமல் விட்டால் 200 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கணக்குப் போட்டு வரி இல்லை என்று வந்தாலும் படிவத்தை அனுப்பியே தீர வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். பிள்ளைகளே, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெண்ணுக்குக் காணொளி வழி ஆண்டு வருமானம் 60,000 வெள்ளி. படப்பிடிப்புச் செலவு 18,000 வெள்ளி. எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது. கழித்தால் மிச்சம் 42,000. தனிநபர் கழிவு 9,000 போக 33,000. 2023ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள விகிதப்படி முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 15,000க்கு நூற்றுக்கு ஒன்று, அது 150. மிச்சம் 13,000க்கு நூற்றுக்கு மூன்று, அது 390. ஆக 540. வரிக்குரிய வருமானம் 35,000க்கு மேற்படாததால் 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. கட்ட வேண்டியது 140 வெள்ளி.

அதே பெண் ரசீதுகளைத் தொலைத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். செலவை மெய்ப்பிக்க வழியில்லை. 60,000இல் 9,000 போக 51,000. இப்போது வரி 1,610 வெள்ளி; தள்ளுபடியும் இல்லை. இரண்டுக்கும் இடையே 1,470 வெள்ளி. ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்த ரசீதுகளின் விலை அது!

ஆனால் எல்லாச் செலவும் கழியாது. வருமானம் ஈட்டுவதற்காகவே செய்த செலவுதான் கழியும். காணொளியில் சமைத்துக் காட்டிய கோழிக்குக் கழிவு உண்டு. வீட்டுச் சாப்பாட்டு மளிகைக்கு இல்லை. தொலைபேசிக் கட்டணத்தில் தொழிலுக்கான பங்கு கழியும். சொந்தப் பேச்சுக்கானது கழியாது. கேமரா, கணினி போன்றவற்றின் விலையைச் சாதாரணச் செலவாக எழுதக் கூடாது. அவற்றுக்கு மூலதனப் படித்தொகை என்று தனி வழி உள்ளது.

இன்னொரு செய்தி. 2021 ஜூன் முதல், அமெரிக்காவில் உள்ளோர் பார்ப்பதால் வரும் வருமானத்தில் யூடியூப் அந்நாட்டு வரியைப் பிடிக்கிறது. நம்மவர்க்கு அது 30 விழுக்காடு. வரி விவரப் படிவத்தை நிரப்பிக் கொடுக்காதவரிடம் உலகெங்கிலுமிருந்து வரும் வருமானத்தில் 24 விழுக்காடு வரை பிடித்துவிடலாம். ஆகவே அந்தப் படிவத்தை ஒத்திப்போட வேண்டாம்.

செய்ய வேண்டியவை நான்கு. ஒன்று, தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. இரண்டு, ஒரு நோட்டுப் புத்தகம். இடப் பக்கம் வரவு, வலப் பக்கம் செலவு. இரவில் ஐந்து நிமிடம் போதும். மூன்று, ரசீதுகளை ஏழு ஆண்டு பத்திரப்படுத்துதல். நான்கு, பணம் வந்த அன்றே வரிக்கென ஒரு பங்கை ஒதுக்குதல். ஊழியர் சேமநிதிக்கு விருப்பச் சந்தா செலுத்தவும், சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்பில் சேரவும் இன்று வழி உண்டு. முதுமைக்கும் விபத்துக்கும் அவை துணை.

"இவ்வளவு தொல்லை எதற்கு? சும்மா இருந்தால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்கத் தோன்றலாம். அந்தத் தாயாரிடம் நாம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறோம். அவர் கணவர் இன்னும் மூன்று ஆண்டில் ஓய்வு பெறுகிறார். வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகன் பெயரில் வீடு வாங்கக் கடன் கேட்டுப் போனால், வங்கி சம்பளச் சீட்டு கேட்கும். சுயதொழில் செய்பவனிடம் அது ஏது? அவனிடம் வங்கி கேட்பது பி படிவமும் வரி கட்டிய ரசீதும். காணொளியை எத்தனை இலட்சம் பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து வங்கி கடன் கொடுப்பதில்லை.

அந்த மகன் இப்போது நோட்டுப் புத்தகம் எழுதுகிறான். தவணைகளைத் தாயார் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். ஒரு தவணை பிந்தியதால் நூற்றுக்குப் பத்துக் கூடுதலாகக் கட்டினார்கள், அதன்பின் பிந்தவில்லை.

நேயர்களே, மூன்று தலைமுறையாக நம் உழைப்பை வேறொருவர் எழுதிய ஏட்டில் பார்த்தோம். இன்று பேனா நம் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது. நேர்மையாக எழுதச் சொல்லுங்கள். நாள் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் உதவினால் எந்தக் குடும்பத்துக்கும் இது முடியாத காரியமன்று.