அடக்குதலும் ஏற்றலும்: மாற்று உறுப்பை உடல் தனதாக்கிக்கொள்ளும் வழி



மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் அன்றாடத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம். காலையும் இரவும் குறித்த நேரத்தில் அவர் மாத்திரை உண்ண வேண்டும். டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசோலோன் என அவற்றின் பெயர்கள் நீளும். விட்டுவிட்டால் உறுப்பை உடல் புறந்தள்ளக்கூடும். விடாது உண்டாலோ நோய்த்தொற்றுக்கும் சிலவகைப் புற்றுநோய்க்கும் உடல் எளிதில் இடங்கொடுக்கும், நீரிழிவும் தோன்றலாம். இவற்றினும் கொடிய முரண் ஒன்றுண்டு. டாக்ரோலிமஸ் நெடுங்காலம் உண்ணப்படும்போது, தான் காக்க வந்த சிறுநீரகத்தையே சிறிது சிறிதாகப் பழுதாக்க வல்லது. வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்று நம்மவர் சொல்வது இதற்கு நன்கு பொருந்தும்.

இம்மருந்துகளைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. 1980களில் சைக்ளோஸ்போரின் புழக்கத்திற்கு வந்திராவிட்டால் உறுப்பு மாற்று இன்றுள்ள அளவிற்குப் பரவியிராது. ஆயினும் இவை செய்வது அடக்குதலே. காவலரை உறங்கவைத்து விருந்தினரை உள்ளே விடும்போது கள்வரும் நுழைந்துவிடுகின்றனர். அந்த ஒரு விருந்தினரை மட்டும் வீட்டாராகக் கொண்டு, மற்றையோரிடத்தில் விழிப்புக் குன்றாத காவல் அமையுமா என்பதே இவ்வுரையின் வினா.

அந்நிலையைத் தமிழில் எவ்வாறு வழங்குவது? சகிப்புத்தன்மை என்று எழுதுவோர் உளர். வெறுப்பை உள்ளடக்கிப் பொறுத்துக்கொள்ளுதல் என்னும் சாயல் அச்சொல்லில் இருப்பதால் நமக்கு அதில் நிறைவில்லை. உடல் இங்கே எதையும் பொறுத்துக்கொள்ளவில்லை. அயலுறுப்பை அயல் என்றே கருதவில்லை. எனவே ஏற்பமைதி என்னும் சொல்லைக் கையாள்கிறோம். இதனினும் நல்ல சொல் அவையோரிடம் இருப்பின் பெற்றுக்கொள்வோம்.

இயற்கை இதனை முன்னரே செய்து காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரே ஓவன், 1945இல் இரட்டைக் கன்றுகளைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். வெவ்வேறு கருமுட்டைகளில் உருவானவை எனினும், கருப்பையில் அவற்றின் குருதிக்குழாய்கள் இணைந்திருந்தன. வளர்ந்த பின்னும் ஒன்றன் குருதியணுக்கள் மற்றொன்றின் உடலில் எதிர்ப்பின்றி வாழ்ந்தன. இக்கருத்தைப் பற்றிக்கொண்டு பீட்டர் மெடவார், பில்லிங்ஹாம், பிரெண்ட் ஆகிய மூவரும் 1953இல் எலிகளில் சோதனை செய்தனர். பிறவாத எலிக்குஞ்சிற்கு வேறோர் இனத்து எலியின் உயிரணுக்களை ஊசிவழிச் செலுத்தினர். அக்குஞ்சு வளர்ந்தபின், அதே இனத்தின் தோல் ஒட்டை ஏற்றுக்கொண்டது; மூன்றாம் இனத்தின் தோலையோ வழக்கம்போலத் தள்ளிவிட்டது. காவல் அப்படியே இருக்க, ஒருவருக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. மெடவார் 1960இல் பர்னட்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கருவிலுள்ள எலிக்கு எளிதாயிருந்தது, முதிர்ந்த மனிதருக்கு எளிதன்று. நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியே டி அணுக்களின் பள்ளிக்கூடம். தன் உடலைத் தாக்க முனையும் அணுக்களிற் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. உறுப்பு ஈந்தவரின் எலும்பு மச்சையையும் பெறுநருக்குச் செலுத்தினால், ஈந்தவரின் அணுக்கள் அப்பள்ளியில் இடம்பெறும். அவற்றைத் தாக்கும் அணுக்களும் அங்கேயே கழிக்கப்படும். கோட்பாடு இதுதான்.

பாஸ்டன் நகரின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை இதனைச் செய்து பார்த்து, 2008இல் ஐந்து நோயாளரைப் பற்றி அறிவித்தது. அவர்களுக்கு உறுப்பு ஈந்தோர் திசுப்பொருத்தத்தில் பாதியளவே ஒத்தவர்கள். மருந்தாலும் தைமஸ் மீதான கதிர்வீச்சாலும் உடலை ஆயத்தப்படுத்திய பின், மச்சையும் சிறுநீரகமும் சேர்த்து வழங்கப்பட்டன. ஒருவர் அச்சிறுநீரகத்தை இழந்தார். எஞ்சிய நால்வர் எதிர்ப்படக்கு மருந்துகளை முற்றிலும் நிறுத்தி, ஆண்டுக்கணக்கில் நலமாயிருந்தனர். வியப்பு யாதெனில், ஈந்தவரின் குருதியணுக்கள் அவர்களிடம் சில வாரங்களே தங்கின. ஏற்பமைதி அதற்குப் பின்னும் நீடித்தது. ஆகவே தைமஸில் நிகழும் கழிப்பு மட்டுமே முழு விடையாகாது.

மற்றொரு பகுதியை ஷிமோன் சகாகுச்சி 1995இல் கண்டார். பிற டி அணுக்களைத் தாக்காது தடுத்து நிறுத்தும் நெறிப்படுத்து அணுக்கள் உடலில் உள்ளன. அவ்வணுக்களுக்கு அடிப்படையான மரபணுவை மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் கண்டறிந்தனர். மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிட்டியது. நோயாளியின் நெறிப்படுத்து அணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, மீளச் செலுத்தும் முயற்சிகள் நடைபெறுகின்றன. இவற்றால் சிலருக்கு மருந்துகளைக் குறைக்க முடிந்துள்ளது. குறைப்பதும் சிறிய ஆதாயமன்று. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக விளங்கிய ராய் கார்ன் அவர்கள், குறைந்த மருந்தோடு உறுப்பு நிலைக்கும் நிலையை ஏறத்தாழ ஏற்பமைதி என்னும் பொருள்படக் குறித்தார். நாளும் நோயாளரைக் கண்டவரின் அடக்கம் அச்சொல்லில் தெரிகிறது.

செய்தித் தலைப்புகள் விட்டுவிடும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, ஆயத்தச் சிகிச்சையே இடர் மிக்கது. செலுத்திய மச்சை நிலைத்துவிட்டால், ஈந்தவரின் அணுக்கள் பெறுநரின் உடலைத் தாக்கும் அபாயமும் உண்டு. மாத்திரையோடு நலமாயிருக்கும் ஒருவரை அதற்கு உட்படுத்துவது தகுமா என்று மருத்துவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது, ஒருவர் ஏற்பமைதி அடைந்துவிட்டார் என்று உறுதியாகக் காட்டும் குருதிச் சோதனை இன்றில்லை. மருத்துவக் கண்காணிப்பில் மெல்ல மருந்தைக் குறைத்துப் பார்ப்பதே வழி. கல்லீரல் பெற்றோருள் கவனமாகத் தேர்ந்த சிலருக்கு அது கைகூடுகிறது; சிறுநீரகம் பெற்றோருக்கு அரிது. இவ்வுரையைக் கேட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடலாகாது.

நம் நாட்டிற்கு இதில் தனிச் சிக்கலும் உண்டு. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987 முதல், மறுப்புத் தெரிவிக்காதவர் இறந்தபின் சிறுநீரகம் பெற வழிசெய்தது. அவ்வாறு கிடைக்கும் உறுப்பு நாள்கணக்கில் காத்திராது. பாஸ்டன் முறையோ அறுவைக்குப் பல நாள் முன்னரே தொடங்குவது. ஆகையால் இறந்தவரின் மச்சையை உறையவைத்துச் சேமித்து, அறுவைக்குச் சில மாதங்கள் கழித்துச் செலுத்தும் முறையைக் குரங்குகளில் சோதித்து வருகின்றனர். அது மனிதருக்குப் பயன்படும்வரை, உயிரோடிருக்கும் உறவினரிடம் உறுப்புப் பெறுவோருக்கே இவ்வாய்ப்பு பெரும்பாலும் உரியது.

வினாக்களை வரவேற்கிறோம்.