குறுந்தொலைவு ரயில்களும் கட்டணமும்



ரயில்வே வளர்ச்சி என்றவுடன் விரைவு வண்டிகளையே நாம் எண்ணுகிறோம். நிலையந்தோறும் நின்று செல்லும் பாசஞ்சர் வண்டி, கணக்கேட்டில் நட்டமாகவே காட்சியளிக்கிறது. காய்கறிக் கூடையுடன் சந்தைக்குச் செல்பவருக்கோ ரயில்வே என்பதே அதுதான்.

1990-களில் அறிமுகமான மெமு மின்தொடர் வண்டியின் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டியதில்லை. தொடரின் இடையிடையே மோட்டார் பெட்டிகள் அமைந்திருப்பதால், நின்ற இடத்திலிருந்து விரைவில் வேகம் பிடிக்கிறது. ஆகவே ஒரே தொடர் நாளொன்றுக்குக் கூடுதல் நடைகள் செல்ல இயலும். நட்டத்தைக் குறைக்கும் வழி இதுவேயன்றிக் கட்டண உயர்வன்று என்பது என் கருத்து.

2020-இல் பெருந்தொற்றினால் நிறுத்தப்பட்ட பாசஞ்சர் வண்டிகள், பின்னர் 'சிறப்பு வண்டி' என்ற பெயரில், விரைவு வண்டிக் கட்டணத்துடன் திரும்பின. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. அடுத்த ஊருக்குக் கூலி வேலைக்குச் சென்று திரும்புபவர், சீசன் டிக்கெட் இல்லையெனில், 20 ரூபாய்க்குப் பதில் 60 ரூபாய் செலுத்த நேர்ந்தது. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் மீண்டது. வேகம் கூடியதா? பெயர்தான் கூடிற்று!

சில சிறு நிலையங்களில் நிறுத்தமும் நீக்கப்பட்டது. அவற்றை மீட்பது குறித்துப் பயணச்சீட்டு வருவாயை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தகாது. அவ்வூருக்குக் காலையில் பேருந்து உண்டா என்பதையும் அதிகாரிகள் நேரில் கேட்டறிதல் வேண்டும்.